சைவத்தின் இருமல்

கல் பட்டறையில் அவருக்கு வைத்த பெயர் சைவம். ஆட்டு எலும்பைக் கடித்து, உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுக்காமல் கீழே வைக்க மாட்டார். மீன் என்றால் முள் மட்டும்தான் மிஞ்சும். ஆனாலும் சைவம். அந்தப் பட்டறையில் சிகரெட் பிடிக்காத ஒரே ஆள் அவர்தான் என்பதால் வந்த பெயர் அது.

அவர் புகைபிடிக்காததற்குக் கொள்கை, கோட்பாடு எதுவும் காரணமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாப்பாட்டு நேரத்தில் மூத்தவர்கள் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து அவர் வாயில் செருகினார்கள். பாதி முடிவதற்குள் தலை கிறுகிறுத்தது. பிடித்துக்கொள்ள எதையாவது தேடிக் கையை நீட்டினார். கைக்கு அகப்பட்டது, மறுநாள் ஒரு வீட்டுக்குப் போவதற்காகத் துடைத்துச் சாய்த்து வைத்திருந்த வெள்ளைக் கல் பலகை. அதன் மேலேயே வாந்தி எடுத்துவிட்டார். வெள்ளைக் கல்லில் மஞ்சள் கறை. மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "கறை போனா நீ இங்க இருக்கலாம். போகலைன்னா நீயும் கல்லோட போயிடு" என்றார். சாயங்காலம் வரை தேய்த்தார். மேஸ்திரி திரும்பி வந்து, கல்லில் தன் முகத்தைப் பார்த்துத் தலையை வாரிக்கொண்டு போனார். அன்றிலிருந்து பாலிஷ் வேலை அவருடையது. சிகரெட்டை அதற்குப் பிறகு யாரும் நீட்டவும் இல்லை, பயம்.

கல்யாணமும் அந்த வாந்தியின் புண்ணியத்தில்தான் நடந்தது. பட்டறைக்குக் கல் ஏற்றி இறக்கும் லாரி டிரைவருக்கு ஒரு தங்கை. தையல்காரி. அப்பாவும் அண்ணனும் போட்டி போட்டுக்கொண்டு ஊதிய வீட்டில் வளர்ந்தவள். தைத்து முடித்த ரவிக்கைகளைக் கொடுக்கப் போனால், வாங்குகிறவர்கள் முகர்ந்து பார்த்து முகம் சுளிப்பார்கள். எனவே அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "குடிசையில இருந்தாலும் பரவால்ல, கறுப்பா குள்ளமா இருந்தாலும் பரவால்ல. வாயில நெருப்பு வெச்சுக்கிறவன் வேண்டாம்."

டிரைவர் நேராகப் பட்டறைக்கு வந்து, லாரியிலிருந்து இறங்காமலே கேட்டார். "இங்க சிகரெட் பிடிக்காதவன் எவனாவது இருக்கீங்களா?"

எல்லோருடைய கையும் ஒரே பக்கம் நீண்டது. இப்படித்தான் டிரைவர் சைவத்துக்கு மச்சான் ஆனார்.

பட்டறையில் அவர்கள் செய்தது சமையலறை மேடைகள். மலையிலிருந்து வெட்டி எடுத்த கல் கொஞ்சம்; மிச்சமெல்லாம் கல்லைப் பொடியாக்கி, பசை கலந்து அழுத்திச் செய்த பலகைகள். கறை பிடிக்காது, பளபளவென்று இருக்கும், எல்லோருக்கும் அதுதான் வேண்டும். கேட்ட அளவுக்கு அறுத்து, பாத்திரம் கழுவும் தொட்டி உட்கார நடுவில் ஓட்டை போட்டு, ஓரத்தை உருட்டி, கண்ணாடி போலத் தேய்த்துக் கொடுக்க வேண்டும். அறுக்கும்போது எழும் தூள் மாவு மாதிரி இருக்கும். காலையில் கறுப்பு முடியோடு உள்ளே போகிறவர்கள் மாலையில் தாத்தாக்களாக வெளியே வருவார்கள். சைவத்தின் மனைவி அவர் சட்டையை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பால்கனியில் நின்று உதறுவாள். கீழ்வீட்டுக்காரர் தன் தொட்டிச் செடிகளுக்கு ஏதோ வெள்ளை நோய் வந்துவிட்டதென்று கடையில் மருந்து வாங்கி அடித்துக்கொண்டிருந்தார்.

தூளோடு சேர்ந்து இருமலும் பட்டறையில் பழைய குடித்தனக்காரன் மாதிரி இருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. ரம்பம் ஓட்டுகிற மூத்த தொழிலாளிக்கு அது முற்றிய பிறகுதான் பேச்சு கிளம்பியது. அவரைக் கட்டர் அண்ணன் என்பார்கள். நல்ல உயரம், நல்ல குரல், தினம் ஒரு பாக்கெட் சிகரெட். ஒரு நாள் பாதிக் கல்லில் ரம்பத்தை நிறுத்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தவர், நிமிர வெகுநேரம் ஆனது. அன்றைக்கே நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு முதலாளியின் அறைக்குள் போனார்.

"ரம்பத்துக்குத் தண்ணி லைன் போட்டுக் குடுங்க. ஈரமா அறுத்தா தூள் கிளம்பாது. மேல உறிஞ்சற ஃபேன் ஒண்ணு. முகத்துக்கு நல்ல மாஸ்க். இவ்வளவுதான் கேக்குறோம்."

முதலாளி மோசமான மனிதர் இல்லை. யாருக்காவது குழந்தை பிறந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பார். செலவு என்ற சொல் வரும்போது மட்டும் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"நாள் பூரா வாயில புகைபோக்கிய வெச்சுட்டுத் திரிவீங்க. இருமல் வந்தா என் கல்லு மேல பழி போடுவீங்க" என்றார். "சிகரெட்டுதான்யா காரணம்."

"தூளுதான் காரணம்."

"சிகரெட்டு."

"தூளு."

இப்படியே கொஞ்ச நேரம் போனது. அப்போது பார்த்துச் சைவம், ஒரு பலகையின் அளவைக் கேட்பதற்காகக் கதவைத் திறந்து தலையை நீட்டினார். முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"இதோ. இவன் சிகரெட்டைத் தொடுறானா? இல்ல. அதே ஷெட்டு, அதே தூளு, அதே காத்து. எத்தனை வருஷமா நிக்கிறான். சைவம், நீ இருமுறியாப்பா?"

"இல்லிங்களே" என்றார் சைவம், நல்ல பதில் சொன்ன மகிழ்ச்சியில்.

அறைக்குள் இருந்த அத்தனை பேரும் அவரை ஒரு பார்வை பார்த்தார்கள். எதிரணிக்குக் கோல் போட்டவனைப் பார்க்கிற பார்வை.

அன்றிலிருந்து அவருடைய தொண்டை பொதுச்சொத்து ஆகிவிட்டது. முதலாளி தன் வீட்டிலிருந்து அவருக்கு மட்டும் பால் அனுப்பினார். ஆரஞ்சுப் பழம் வந்தது. தூரத்திலிருந்தே "சைவம், சௌக்கியமா?" என்று விசாரிப்பு. இந்தப் பக்கம், சக தொழிலாளிகள் ஒன்றும் அனுப்பவில்லை. ஆனால் அவர் தொண்டையைச் செருமினால் போதும், ஷெட்டில் எல்லா மெஷினும் நின்றுவிடும். ஒன்றும் வரவில்லை என்று தெரிந்ததும் பெருமூச்சோடு மறுபடி ஓடத் தொடங்கும்.

"ஒரு தடவை இருமேன்யா" என்று கட்டர் அண்ணன் கெஞ்சினார். "காசா பணமா. முதலாளி அந்தப் பக்கம் போறப்ப, சும்மா ரெண்டு."

"வரலையேண்ணே."

"வரலைன்னா வரவை. எங்களுக்கெல்லாம் அதுவா வருது, உனக்கு நீயா வரவெச்சாத்தான் என்ன?"

சைவத்துக்கு யாரிடமும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. முதலாளியின் பாலையும் குடித்துவிட்டார். கட்டர் அண்ணனுக்கும் வாக்குக் கொடுத்துவிட்டார். அன்று இரவு சாப்பாடு முடிந்து மனைவி தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, குளியலறையிலிருந்து வினோதமான சத்தம் வந்தது. பழைய கதவைத் திறந்து மூடுகிற மாதிரி.

"என்னங்க பண்றீங்க உள்ள?"

"இருமிப் பாக்குறேன்."

"இருமலுக்கு யாராவது ஒத்திகை பாப்பாங்களா?"

விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு அவள் சிரிக்கவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "மாடி ஏறுறப்ப ரெண்டாவது மாடியில ஏன் நிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"அங்க மீட்டர் பெட்டி இருக்குல்ல. எவ்வளவு ஓடியிருக்குன்னு பாப்பேன்."

"அது எதிர்வீட்டு மீட்டர். அவங்க கரண்ட்டு எவ்வளவு ஓடினா உங்களுக்கு என்ன?"

சைவம் குளியலறைக் கதவைச் சாத்தினார். கொஞ்ச நாளாகவே அந்த இடத்துக்கு வரும்போது நெஞ்சுக்குள் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும். வயசாகிறது என்று தனக்குத் தானே சொல்லி வைத்திருந்தார். முதலாளி இருமலைப் பற்றித்தானே கேட்டார், மூச்சைப் பற்றிக் கேட்கவில்லையே.

மறுநாள் முதலாளி வருகிற நேரம் பார்த்து, ஒத்திகை பார்த்த இருமலை எடுத்துவிட்டார். அது தும்மலாக முடிந்தது. முதலாளி, "ஆரோக்கியமான தும்மல்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். கட்டர் அண்ணன் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

சண்டையைத் தீர்த்துவைக்க டாக்டரைக் கூப்பிட்டதும் முதலாளியேதான். தொழிலாளர் நலத்துறையிலிருந்து ஒரு பெண் டாக்டர், எக்ஸ்ரே வண்டியும், மூச்சை அளக்க ஊதுகிற மெஷினுமாகக் கல் பட்டறைகளுக்கெல்லாம் போய்க்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, "எங்க பட்டறைக்குக் கண்டிப்பா வரணும்" என்று போன் போட்டார். கையில் சைவம் இருக்கும்போது அவருக்கு என்ன பயம். அது போதாதென்று டிரைவரையும் வரிசையில் நிற்கவைத்தார்.

"இந்தாளு லாரியை விட்டு இறங்குறதே இல்ல டாக்டர். ஷெட்டுக்குள்ள கால் வெச்சதில்ல. ஆனா இருமறதைக் கேளுங்க. டிரைவரே, டாக்டருக்கு ஒரு தடவை இருமிக் காட்டு."

டிரைவருக்கு ஒத்திகை தேவைப்படவில்லை.

டாக்டர் முதலாளியைச் சற்று வியப்போடு பார்த்தார். "நான் தேடற ரெண்டு பேரையும் நீங்களே புடிச்சு வெச்சிருக்கீங்க. தூள் மட்டும் சாப்பிட்டவர் ஒருத்தர், புகை மட்டும் சாப்பிட்டவர் ஒருத்தர். எல்லா இடத்துலயும் ரெண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவங்கதான் கிடைப்பாங்க. உங்களுக்கு நன்றி."

முதலாளி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

சைவம் இஸ்திரி போட்ட சட்டையில், பெண் பார்க்க வந்தவன் போலக் கூச்சத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். டாக்டர் கேட்க ஆரம்பித்தார்.

"எப்பவாவது புகைபிடிச்சிருக்கீங்களா?"

"ஒரு தடவை. அதுவும் பாதிதான் டாக்டர்."

"மீதி பாதி?"

"வாந்தி எடுத்துட்டேன்."

"பாதி" என்று டாக்டர் எழுதிக்கொண்டார். "வீட்ல யாராவது பிடிப்பாங்களா?"

"மச்சான் வந்தா பிடிப்பாரு. எங்க வீட்ல அவளை மீறி ஒண்ணும் நடக்காது. அவரைத் தெருவுக்கு அனுப்பிடுவா. மழை பெஞ்சா குடை குடுத்து அனுப்புவா."

"வீட்ல விறகு அடுப்பா?"

"கேஸ்."

"இதுக்கு முன்னாடி வேற வேலை ஏதாவது?"

"இதுக்கு முன்னாடி பள்ளிக்கூடம். அங்க கரும்பலகை துடைக்கிறது நான்தான். அதைச் சேத்துக்கணுமா?"

வேண்டாம் என்று டாக்டர் தலையாட்டிவிட்டு, குழாயை வாயில் வைக்கச் சொன்னார். ஊதுகிற மெஷினைப் பார்க்க வேண்டுமே, ஒரு மனிதனின் மானத்தை வாங்க அதைவிட நல்ல கருவி கிடையாது. மூக்கில் ஒரு கிளிப். கூட வந்த நர்ஸ், "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க" என்று பக்கத்தில் நின்று மாட்டை விரட்டுகிற மாதிரி விரட்டினாள். சைவத்தின் கண் பிதுங்கியது. சுற்றி நின்றவர்கள் பாதிப் பேர் நன்றாக ஊதவேண்டுமென்றும், பாதிப் பேர் ஊதக்கூடாதென்றும் மனதுக்குள் வேண்டிக்கொண்டு, எல்லோருமே அவரோடு சேர்ந்து வாயைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து டிரைவர் ஊதினார். ஆரம்பம் பிரமாதமாக இருந்தது. பிறகு பலூனின் கடைசிக் காற்று மாதிரி ஊ என்று இழுத்துக்கொண்டே போய், சிரிப்பில் முடிந்து, சிரிப்பு இருமலில் முடிந்தது.

முடிவு சொல்ல டாக்டர் சில வாரம் கழித்து வந்தார். முதலாளியின் அறையில் சைவம், டிரைவர், கட்டர் அண்ணன் மூவரையும் உட்காரவைத்து, மற்றவர்கள் முன்னால் சொல்லலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் முதல் படத்தைப் பிடித்தார். ஜன்னல் கண்ணாடியில் தூள் படிந்திருந்ததால், முதலில் கர்சீப்பால் அதைத் துடைக்க வேண்டியிருந்தது. கர்சீப் வெள்ளையாகிவிட்டது. அதையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"இது சைவம் அண்ணனோட நெஞ்சு. மேல ரெண்டு பக்கமும் பொட்டுப் பொட்டா தெரியுதா? கல்தூள் உள்ள போய்த் தங்கி, அதைச் சுத்தித் தழும்பு ஆயிருக்கு. சிலிக்கோசிஸ்னு சொல்லுவோம். சிகரெட் இந்த மாதிரிப் பொட்டு வைக்காது."

"இருமலே இல்லியே அவனுக்கு" என்றார் முதலாளி. குரல் இறங்கியிருந்தது.

"ஆரம்பத்துல நிறைய பேருக்கு இருக்காது. மாடி ஏறுனா மூச்சு வாங்குமே?"

சைவம் எதிர்வீட்டு மீட்டரை நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

கட்டர் அண்ணன் ஜெயித்துவிட்டார். ஒரு மாதமாக இந்த நிமிஷத்துக்காகத்தான் காத்திருந்தார். ஆனால் அவர் சைவத்தின் பக்கமே திரும்பாமல், தன் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தான்டா இருமச் சொன்னேன்" என்று முணுமுணுத்தார்.

டிரைவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "அப்படின்னா டாக்டர், சிகரெட்டு மேல தப்பு இல்லைன்னு ஆகுது. வீணா அது மேல பழி போட்டுட்டோம்."

"உங்க படத்துல பொட்டு இல்ல. சரிதான்" என்றார் டாக்டர். "ஆனா நீங்க ஊதுனீங்களே, அதைப் பாருங்க. இந்த வயசு ஆளு ஊத வேண்டியதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் வருது. மூச்சுக்குழாயெல்லாம் சுருங்கிப் போச்சு. லாரியில உக்காந்தே இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. டீசல் புகைக்கும் ஏதோ பங்கு இருக்கும், இல்லைன்னு சொல்ல மாட்டேன். பெரும்பங்கு உங்க சட்டைப் பையில இருக்கு."

டிரைவரின் கை தன்னையறியாமல் சட்டைப் பையை மூடிக்கொண்டது.

"என்னுது?" என்றார் கட்டர் அண்ணன்.

"உங்களுக்குப் பொட்டும் இருக்கு, குழாயும் சுருங்கியிருக்கு. ஒரே வீட்டுல ரெண்டு திருடன் பூந்துட்டா, யாரு எதை எடுத்தான்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம்ணே. அதுல ஒவ்வொருத்தனும் மத்தவனைக் கைகாட்டித் தப்பிச்சுப்பான். இவங்க ரெண்டு பேர் வீட்டுலயும் ஆளுக்கு ஒருத்தன்தான் பூந்தான். அதனாலதான் அடையாளம் தெரியுது. இவங்க ரெண்டு பேரை மட்டும் வெச்சு நான் சொல்லல. மத்த பட்டறைகள்லயும் புகைபிடிக்காதவங்களைத் தேடித் தேடிப் பாத்தேன். இதே கதைதான். ரெண்டு திருடனும் சேர்ந்து வந்தா சேதம் கூடுது, அவ்வளவுதான்."

முதலாளி தன் மேஜைக் கண்ணாடி மேல் விரலால் ஒரு கோடு இழுத்து, விரல் நுனியைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் குனிந்து, மெதுவாக, "வண்டி வெளியிலதான் நிக்குதா? எனக்கும் ஒரு படம் எடுத்துரலாமா?" என்றார்.

அவர் படத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பயம் நன்றாக வேலை செய்தது. அந்த வாரமே ரம்பங்களுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது. கூரையில் உறிஞ்சும் ஃபேன் வந்தது. முதல் முறை ஓடவிட்டபோது அது யாரோ ஒருவருடைய தொப்பியையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டது. முகத்தில் ஒட்டி உட்காரும் மாஸ்க் வந்தது. வேலை உடுப்பைப் பட்டறையிலேயே கழற்றிவைத்துவிட்டுக் குளித்து வரவேண்டும் என்று ஏற்பாடு ஆனது. கீழ்வீட்டுச் செடிகள் மெல்லப் பச்சைக்குத் திரும்பின. தன் மருந்துதான் பலித்ததென்று அந்த வீட்டுக்காரர் இன்றும் நம்புகிறார்.

சைவத்துக்குத்தான் மனது ஆறவில்லை. படம் காட்டிய அன்றே, டாக்டர் கிளம்பும் முன் அவரைத் தனியாகப் பிடித்து, "இத்தனை வருஷம் தொடாம இருந்தேனே டாக்டர். எல்லாரும் கிண்டல் பண்ணாங்க. அதெல்லாம் வீணா?" என்று கேட்டார்.

"வீணில்லண்ணே. தொட்டிருந்தா கட்டர் அண்ணன் மாதிரி ரெண்டும் இருந்திருக்கும். உள்ள போன தூளை இனி எடுக்க முடியாது. புதுசா போகாமப் பாத்துக்கலாம். இனிமே நீங்க ஷெட்டுக்குள்ள நிக்கக் கூடாது."

வீட்டில் மனைவி படத்தை வாங்கி, மூன்று முறை விளக்கில் பிடித்துப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தார். அவளுக்குக் கோபம்தான் வந்தது. "ஊரெல்லாம் சல்லடை போட்டுச் சலிச்சு, நுரையீரல் நல்லா இருக்கிற ஆளா பாத்துக் கட்டுனேன். நீங்க என்னடான்னா கல்லை முழுங்கிட்டு வந்து நிக்கிறீங்க. யாருகிட்ட போய் நான் சண்டை போடறது?" சண்டை போட ஆள் கிடைக்காத கோபம் தன் அண்ணன் மேல் திரும்பியது. டிரைவர் அந்த மாதமே சிகரெட்டை விட்டார். விட்ட சிகரெட்டுக்குப் பதில் வறுத்த கடலையைப் பிடித்துக்கொண்டார். லாரி ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் இடம் போதவில்லை என்று இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டிருக்கிறார். கட்டர் அண்ணன் ரம்பத்தை இளையவர்களிடம் கொடுத்துவிட்டு, வாசலில் கல் இறக்குவதை மேற்பார்வை பார்க்கிறார். சிகரெட்டையும் விட்டுவிட்டதாகச் சொல்கிறார். டாக்டரின் வண்டி மறுபடி வந்து, நர்ஸ் ஊதச் சொல்லும்போது மட்டும் உண்மை தெரிந்துவிடுகிறது.

சைவத்தை முதலாளி அளவெடுக்கும் வேலைக்கு மாற்றினார். கையில் டேப்பும் பென்சிலுமாக வீடு வீடாகப் போய், சமையலறையை அளந்து, கல் மாதிரிகளைக் காட்ட வேண்டும். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. மின்தூக்கி இருக்கும் வீடுகளாகப் பார்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். மனிதர்களின் சமையலறையைப் பார்த்தாலே அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று தெரிந்துவிடும் என்கிறார்.

போன வாரம் ஒரு வீட்டில், புதிதாகக் குடிவந்த பெண் வெள்ளைப் பலகையின் மாதிரியைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இந்தக் கல்லு உடம்புக்குக் கெடுதல்னு எங்கயோ படிச்சேன். வீட்ல சின்னக் குழந்தை இருக்கு. நிஜமா?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. தாராளமா மாவு பிசையலாம், தாளம் கூடப் போடலாம்" என்றார் சைவம். "அறுக்கறவங்களுக்குத்தான் கெடுதல். நாங்க தண்ணி ஊத்தி அறுக்குறோம். வேற கடைக்குப் போனீங்கன்னா அதை மட்டும் கேட்டுக்குங்க."

"நீங்க சிகரெட் பிடிப்பீங்களோ? மூச்சு வாங்குதே" என்றாள் அவள், கொஞ்சம் தள்ளி நின்று.

சைவம் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். "உக்கார ஒரு நாற்காலி குடுங்கம்மா" என்றார். "அது பெரிய கதை."